விளையாட்டுச் சேவையகத்தை விண்டோஸில் தொகுத்தல்

பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டொன்றின் சேவையக மென்பொருளை, அதன் மூலநிரலிலிருந்து விண்டோஸ் கணினியில் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வேலை இது. பேச்சில் ‘கம்பைல் பண்ணுறது’ என்பார்கள். எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் மூலநிரலைத் திறந்து விட்டிருந்தால்தான் இது நடக்கும். லுவாண்டி, ட்ரினிட்டிகோர், அசரோத்கோர், ஆர்அதீனா, ஐஓகுவேக்3 ஆகியவை இப்படித் தொகுக்கப்படுபவற்றுள் பெயர்பெற்றவை. சேவையகம் எழுதும் கலை பெரிதும் யுனிக்ஸ் கணினிகளில் வளர்ந்தது. ஆடுபவர்களின் வீட்டு மேசையில் இருப்பதோ பெரும்பாலும் விண்டோஸ். தொகுக்கும்போது எழும் சிக்கல்களில் பாதி இந்த முரணிலிருந்து வருபவை.

இத்தகைய விளையாட்டில் இரண்டு நிரல்கள் உண்டு. ஆடுபவரின் கணினியில் ஓடும் கிளையன்ட் படம் வரையும், ஒலி எழுப்பும், விசையழுத்தங்களை வாங்கி அனுப்பும். யார் எங்கே நிற்கிறார், எய்த அம்பு பட்டதா இல்லையா, யாருடைய பையில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பது சேவையகம். கிளையன்ட் சொல்வதை அது அப்படியே நம்பக் கூடாது. நம்பினால் ஏமாற்றுபவர்களுக்குக் கொண்டாட்டம். ஆகவே விளையாட்டின் விதிகளை மாற்ற விரும்புகிறவர் கைவைக்க வேண்டிய இடம் சேவையகம்தான்.

சில திட்டங்கள் விண்டோஸுக்கான ஆயத்தக் கோப்புகளைத் தாமே வழங்குகின்றன. லுவாண்டியை இறக்கி, விரித்து, உடனே ஓடவிடலாம். வேறு சிலவற்றில் மூலநிரலே முதன்மையான வெளியீடு. தொகுக்கத் தெரியாதவருக்கு அங்கே வேலை இல்லை. ஆயத்தக் கோப்பு கிடைக்கும் இடத்திலும், தொகுக்கும் நேரத்தில் மட்டுமே மாற்றக்கூடிய அமைப்புகள் இருப்பதால் பலர் தாமே தொகுத்துக்கொள்கிறார்கள்.

வரலாறு

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 1978இல் தொடங்கிய ‘மட்’ என்ற எழுத்து விளையாட்டிலிருந்து இந்த மரபு கிளைக்கிறது. மூலநிரலை எடுத்துத் தாமே தொகுத்து நடத்தும் பழக்கம் பெருகியது அடுத்த தலைமுறையில். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிகுமட்டின் மூலநிரல் 1990களின் தொடக்கத்தில் வெளியானது. உலகெங்கும் பல்கலைக்கழகக் கணினிகளில் அதைத் தொகுத்து, அறைகளையும் அரக்கர்களையும் மாற்றி, ஆளுக்கொரு விளையாட்டை நடத்தினார்கள். வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது அப்போது அதன் உரிம விதியாக இருந்தது. இன்றைய பொருளில் அது அன்று திறந்த மூலம் அல்ல.

ஐடி சொப்ட்வெயர் நிறுவனம் குவேக் விளையாட்டின் மூலநிரலை 1999 டிசம்பரில் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. இணையத்தில் ஆடுவதற்கென அந்நிறுவனம் 1996இல் செய்திருந்த குவேக்வேர்ல்டும் அதில் அடக்கம். 2005இல் குவேக் 3இன் மூலநிரலும் வந்தது. அதைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து பேணியதில் உருவானது ஐஓகுவேக்3. உரிமையாளரே திறந்துவிட்டவை இவை. சட்டச் சிக்கல் இல்லாத வழி.

மற்றொரு வழி, மூலநிரலைத் தராத விளையாட்டின் கிளையன்ட் அனுப்பும் செய்திகளைக் கவனித்து, அதற்குப் பதில் சொல்லும் சேவையகத்தை வெளியார் புதிதாக எழுதுவது. பிலிசார்ட் நிறுவனத்தின் வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. அடுத்த ஆண்டே மாங்கோஸ் என்ற திட்டம் முளைத்தது. 2008இல் அதிலிருந்து ட்ரினிட்டிகோர் பிரிந்தது. பின்னர் அதே குடும்பத்திலிருந்து அசரோத்கோர் வந்தது. கொரிய விளையாட்டான ரக்னரோக் ஒன்லைனுக்கு ஜப்பானில் தொடங்கிய அதீனா என்ற சேவையகம் ஈஅதீனா ஆகி, ஆர்அதீனாவாகத் தொடர்கிறது.

மூன்றாவது வகை, தொடக்கத்திலேயே திறந்த மூலமாகப் பிறந்தவை. பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010இல் தொடங்கிய மைன்டெஸ்ட் இவற்றுள் பெயர்பெற்றது. கட்டைகளைத் தோண்டி அடுக்கிக் கட்டும் இவ்விளையாட்டின் பெயர் 2024 ஒக்டோபரில் லுவாண்டி என்று மாறியது. தொகுத்துப் பழக விரும்புகிறவருக்கு முதலில் கைகாட்ட வேண்டியது இதைத்தான். கிளையன்டும் சேவையகமும் ஒரே மூலநிரலில் இருக்கின்றன, தரவுத்தளம் தனியாக நிறுவத் தேவையில்லை, யாருடைய உரிமையிலும் கால் படாது.

விண்டோஸில் ஏன் கடினம்

சி++ மொழி எல்லா இயங்குதளங்களுக்கும் பொது. ஆனால் வலையமைப்போடு பேசும் பகுதி அப்படியல்ல. யுனிக்ஸில் சொக்கெட் என்பது ஒரு கோப்பைப் போலவே கையாளப்படும். விண்டோஸில் வின்சொக் என்ற தனி நூலகத்தை முதலில் எழுப்பிவிட்டே எதையும் தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைக் கவனிக்கப் பழைய நிரல்கள் பயன்படுத்தும் ‘செலெக்ட்’ செயற்கூறு, லினக்ஸில் வழக்கமாக 1024 வரை தாங்கும். விண்டோஸில் அதன் இயல்பான எல்லை 64. தொகுக்கும்போது இந்த எண்ணை உயர்த்தத் தவறினால், அந்த எல்லை நிரம்பும் வரை நன்றாக ஓடிய சேவையகம் அடுத்தவரை ஏற்க மறுக்கும். இதில் பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் எரிச்சல். ட்ரினிட்டிகோர் போன்றவை பூஸ்ட் நூலகக் குடும்பத்தின் ஏசியோவைப் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கின்றன. லினக்ஸில் ஈபோல், விண்டோஸில் ஐஓசிபி என்று அந்தந்த மண்ணுக்கு ஏற்றதை அது தானே தேர்ந்துகொள்ளும்.

விண்டோஸின் பொதுத் தலைப்புக் கோப்புக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு. வின்சொக்கின் பழைய பதிப்பைச் சொல்லாமலே உள்ளே இழுத்துவரும். பின்னால் புதிய பதிப்பைச் சேர்த்தால் ஒரே பெயர் இரண்டு முறை வரையறுக்கப்பட்டதாக நூற்றுக்கணக்கில் பிழைகள் கொட்டும். சிறியது எது, பெரியது எது என்று கண்டறியும் மின், மக்ஸ் என்ற இரு பெயர்களையும் அது தனக்கென்று எடுத்துக்கொண்டுவிடும். சி++ நூலகத்தில் அதே பெயரில் உள்ள செயற்கூறுகள் குழம்பிப்போகும். இரண்டையும் தடுக்கும் ஒற்றைவரி அறிவிப்புகள் இருக்கின்றன, முதிர்ந்த திட்டங்கள் அவற்றைப் போட்டு வைத்திருக்கும். லினக்ஸில் மட்டும் எழுதிப் பழகியவர் சேர்த்த புதுப் பகுதியில்தான் இது தலைகாட்டும்.

கோப்புப் பாதைகளும் தொல்லை தரும். விண்டோஸில் ஒரு பாதையின் நீளம் மரபாக 260 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். விண்டோஸ் 10இன் 2016 பதிப்பிலிருந்து இந்த எல்லையைத் தளர்த்தும் வசதி இருந்தாலும், எல்லாக் கருவிகளும் அதை மதிப்பதில்லை. நூலகங்களுக்குள் நூலகங்களாக அடுக்கிய மூலநிரலை ‘ஆவணங்கள்’ கோப்புறைக்குள் ஆழமாக வைத்தால் எல்லை எளிதில் கடந்துவிடும். சி டிரைவின் வேரிலேயே சிறிய பெயரில் ஒரு கோப்புறை போட்டு அதற்குள் வேலை செய்வது நல்லது.

தமிழில் பயனர் பெயர் வைத்திருப்பவர் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கணினியில் பயனர் பெயரைத் தமிழில் கொடுத்தால் வீட்டுக் கோப்புறையின் பெயரும் தமிழில் அமையும். விண்டோஸின் பழைய எட்டு-பிட் எழுத்துமுறைகளில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. யூனிகோட் வழியாக மட்டுமே தமிழ் விண்டோஸுக்குள் நுழைந்தது. பழைய முறையில் கோப்பைத் திறக்கும் கருவி அந்தப் பாதையைக் கேள்விக்குறிகளாகப் பார்த்து, கோப்பு இல்லை என்று கைவிரிக்கும். ஒரு நிரல் தன்னை யுடிஎஃப்-8 முறையில் நடத்தும்படி அறிவித்துக்கொள்ளும் வழி விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில் வந்தது. ஆனால் தொகுக்கும் சங்கிலியில் உள்ள பத்துப் பதினைந்து கருவிகளில் ஒன்று அறிவிக்காவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

யுனிக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்ப மூன்று காலத்தில் மூன்று வழிகள் வந்தன. 1990களின் நடுவில் தோன்றிய சிக்வின், யுனிக்ஸின் நடத்தையையே விண்டோஸின் மேல் போலியாக அமைத்தது. அதன்பின் வந்த மிங்டபிள்யூ, குனூ தொகுப்பானைக் கொண்டு நேரடி விண்டோஸ் நிரல்களை ஆக்கியது. 2014 நவம்பரில் மைக்ரோசொப்ட் தன் விஷுவல் ஸ்டூடியோவின் கொமியூனிட்டி பதிப்பைத் தனிநபர்களுக்கும் திறந்த மூலத் திட்டங்களுக்கும் இலவசமாக்கியதும் காற்று அப்பக்கம் திரும்பியது. இன்று மேற்சொன்ன திட்டங்கள் பெரும்பாலும் விஷுவல் ஸ்டூடியோவையே முதலில் சொல்கின்றன.

இலங்கையில் ஒரு முன்மாதிரி

விளையாட்டல்லாத சேவையக மென்பொருளில் இதே பாட்டை இலங்கையில் பலர் பட்டிருக்கிறார்கள். 2003இல் அமைந்த லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் வழியாகவும், 2005இல் சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் வழியாகவும் இலங்கை நிரலர்கள் அப்பாச்சி திட்டங்களில் பெருமளவில் பங்கெடுத்தார்கள். அவற்றுள் ஒன்றான அக்சிஸ்2/சி, இணையச் சேவைகளை சி மொழியில் நடத்தும் இயந்திரம், அதன் 1.0 பதிப்பு 2007இல் வந்தது. லினக்ஸில் வழக்கமான மூன்று கட்டளைகளில் அது தொகுபடும். விண்டோஸுக்கோ தனியொரு கோப்புறையே தேவைப்பட்டது. எக்ஸ்எம்எல் நூலகம் எங்கே இருக்கிறது, எழுத்துமுறை மாற்றும் நூலகம் எங்கே இருக்கிறது என்று ஒரு கோப்பில் கையால் எழுதிவிட்டு, விஷுவல் சி++இன் சூழலை எழுப்பி, என்மேக் கருவியை ஓடவிட வேண்டும். நூலகங்களைத் தேடிப் பிடிக்கும் இந்தக் கைவேலையைத்தான் இன்று சிமேக், விசிபேக்கேஜ் என்ற கருவிகள் செய்கின்றன.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் உருவான சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. காணாமற்போனோர், முகாம்கள், உதவிப்பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்ய அவசரமாக எழுதப்பட்ட அது பிஎச்பி மொழியில் அமைந்தது. தொகுக்கத் தேவையே இல்லை. பிஎச்பி முதலியன நிறுவியிருந்தால் விண்டோஸ் மடிக்கணினியிலும் கோப்புகளை இட்டவுடன் ஓடும். அவசரக் காலத்தில் அது சரியான தேர்வு. விநாடிக்குப் பலமுறை உலகத்தையே கணக்கிட வேண்டிய விளையாட்டுச் சேவையகத்துக்கு அந்தச் சொகுசு கிடைக்காது. அங்கே வேகம் வேண்டும், ஆகவே சி++ வேண்டும், ஆகவே தொகுக்க வேண்டும்.

தொகுக்கும் முறை

விஷுவல் ஸ்டூடியோவை நிறுவும்போது சி++ மேசைக்கணினிப் பணித்தொகுதியைத் தெரிவுசெய்ய வேண்டும். அது பல கிகாபைட் இறக்கம். அளவிட்ட டேட்டாவில் வேலை செய்பவர், எங்காவது நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒருமுறை முழு நிறுவியையும் வன்தட்டில் இறக்கி வைத்து, பிறகு எத்தனை கணினியிலும் நிறுவிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. கிட் கருவியால் மூலநிரலை எடுக்கும்போதும் முழு வரலாற்றையும் இழுக்காமல், கடைசி நிலையை மட்டும் கேட்கலாம். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த திட்டங்களில் இது பெரிய மிச்சம்.

அடுத்தது சார்பு நூலகங்கள். ட்ரினிட்டிகோருக்கு பூஸ்ட், ஓப்பன்எஸ்எஸ்எல், மைஎஸ்கியூஎல் மூன்றும் வேண்டும். லுவாண்டிக்கு ஒலி, எழுத்துரு, சுருக்கம், தரவுத்தளம் என்று சிறு நூலகங்கள் பல. அவற்றை மைக்ரோசொப்ட் 2016இல் வெளியிட்ட விசிபேக்கேஜ் கருவி தானே இறக்கித் தொகுத்துத் தரும். முதல்முறை அது நேரம் தின்னும். நூலகங்களையும் அது மூலநிரலிலிருந்தே கட்டுவதுதான் காரணம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எல்லா நூலகங்களும் ஒரே அகலத்தில், அதாவது எல்லாமே 64 பிட்டாகவோ எல்லாமே 32 பிட்டாகவோ இருக்க வேண்டும். அதோடு, பிழைதிருத்தத்துக்கான ‘டிபக்’ வடிவமும் பயன்பாட்டுக்கான ‘ரிலீஸ்’ வடிவமும் கலக்கக் கூடாது. லினக்ஸில் இந்த இரண்டாவது கவலை பெரும்பாலும் எழாது. மைக்ரோசொப்டின் நூலகங்கள் இரு வடிவங்களிலும் நினைவகத்தை வேறு வேறு விதமாக அடுக்குவதால், கலந்தால், தொகுத்த துண்டுகளை ஒன்றாக்கும் இணைப்பான் எல்என்கே2038 என்ற எண்ணோடு நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லதே, நிற்காமல் ஓடியிருந்தால் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும்.

பிறகு சிமேக். கிட்வேர் நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய இக்கருவி எதையும் தொகுப்பதில்லை. மூலநிரலைப் பார்த்து, கணினியில் உள்ள நூலகங்களைத் தேடி, விஷுவல் ஸ்டூடியோவுக்கு ஏற்ற திட்டக் கோப்புகளை எழுதித் தருகிறது. மூலநிரலுக்கு ஒரு கோப்புறை, கட்டுமானத்துக்கு வேறொரு கோப்புறை என்று பிரித்து வைப்பது வழக்கம். குழப்பம் ஏற்பட்டால் இரண்டாவதை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். சிமேக் முதலில் கண்ட விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. நூலகத்தை இடம் மாற்றிய பின்னும் அது பழைய இடத்தையே தேடினால், அந்த நினைவுக் கோப்பை அழிப்பதே மருந்து.

கட்டுமானத்தை ‘ரிலீஸ்’ வடிவிலோ, பிழையின் தடயத்தையும் சேர்த்து வைக்கும் ‘ரெல்வித்டிபின்ஃபோ’ வடிவிலோ ஓடவிடலாம். சேவையகம் நடத்துபவருக்கு இரண்டாவதே தகும். நள்ளிரவில் விழுந்தால் எந்த வரியில் விழுந்தது என்று அடுத்த நாள் பார்க்கலாம். ட்ரினிட்டிகோர் அளவிலான திட்டம் நான்கு கோர் கொண்ட சாதாரணக் கணினியில் அரை மணி, ஒரு மணி நேரம் என்று இழுக்கும். ஒவ்வொரு கோருக்கும் ஒரு தொகுப்பான் ஓடுவதால் நினைவகம் குறைந்த கணினி திணறும். அப்போது சி1060 என்ற பிழை வரும். கோர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் மெதுவாக, ஆனால் முடியும். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை தொகுத்த துண்டுகள் தட்டில் இருக்கும். கடைசியாக எழுதிக்கொண்டிருந்த துண்டு மட்டும் பாழாகலாம். 2022இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டைக் கண்ட இலங்கையில் இது சிறிய ஆறுதல் அல்ல.

பிழை எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சி என்று தொடங்குவன தொகுப்பானிடமிருந்தும் எல்என்கே என்று தொடங்குவன இணைப்பானிடமிருந்தும் வருபவை. சி1083 என்றால் தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை. நூலகத்தின் பாதை தவறு. எல்என்கே2019 என்றால் அறிவிப்பு இருக்கிறது, உடல் இல்லை, நூலகமே இணையவில்லை. எல்என்கே1112 அகலங்கள் கலந்துவிட்டதைச் சொல்லும். எல்என்கே1104 பெரும்பாலும் அசட்டுக் காரணத்தால் வருவது: பழைய சேவையகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, அதே பெயரில் புதியதை எழுத முயன்றிருப்பார்கள். ஆயிரம் பிழை வந்தாலும் முதல் பிழையை மட்டும் பார்க்க வேண்டும். மற்றவை அதன் பிள்ளைகள்.

தொகுத்து முடிந்த பின்னும் சேவையகம் எழும்பாமல் போகலாம். ஓப்பன்எஸ்எஸ்எல், மைஎஸ்கியூஎல் ஆகியவற்றின் டிஎல்எல் கோப்புகளை இயங்குகோப்பின் பக்கத்தில் வைக்க வேண்டும். தவறான அகலத்தில் உள்ளதை வைத்தால் சி000007பி என்று முடியும் எண்ணோடு ஒரு பெட்டி எழும். அதில் எந்தக் கோப்பு என்று இருக்காது.

தொகுக்கும்போதே முடிவாகும் விடயங்கள்

சேவையகத்தின் அமைப்புகளில் பெரும்பகுதி எழுத்துக் கோப்புகளில் இருக்கும். மாற்றி, திரும்ப ஓடவிட்டால் போதும். சில மட்டும் மூலநிரலுக்குள் பொதிந்திருக்கும். ஆர்அதீனாவில் கிளையன்ட் எந்தத் தேதியுடையது என்பது அத்தகையது. ரக்னரோக் கிளையன்டின் செய்தி வடிவம் புதுப்பிப்புகளில் மாறிவந்ததால், அந்தத் தேதியை ஒரு தலைப்புக் கோப்பில் எட்டு இலக்க எண்ணாகக் குறித்துவிட்டுத் தொகுக்க வேண்டும். விளையாட்டின் பழைய விதிகளா, பின்னர் வந்த ‘ரினியூவல்’ விதிகளா என்பதும் அப்படியே தொகுக்கும்போதே தீரும். எண் பொருந்தாவிட்டால் உள்நுழையும்போதோ, பாத்திரத்தைத் தெரிவுசெய்யும்போதோ இணைப்பு அறுந்துபோகும்.

தமிழர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு லுவாண்டியில் இருக்கிறது. ஆடுபவரின் பெயரில் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், இரு குறிகள் ஆகியவை மட்டுமே வரலாம். பெயருக்கான இடம் 20 பைட்டு. இவ்விரண்டும் ஒரு தலைப்புக் கோப்பில் எழுதப்பட்டவை, அமைப்புக் கோப்பால் மாற்ற முடியாது. தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் மூலநிரலைத் திருத்தித் தொகுப்பதே வழி. அதிலும் அனுமதிப் பட்டியலில் தமிழெழுத்துகளைச் சேர்த்தால் மட்டும் போதாது. சோதனை பைட்டு பைட்டாக நடப்பது. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு. பட்டியலில் சேர்த்த பைட்டுகள் எந்த வரிசையில் வந்தாலும் சோதனை தலையாட்டிவிடும்; பொருளற்ற கலவைகளும் உள்ளே வரும். யுடிஎஃப்-8ஆகப் படித்து, தமிழ் வீச்சுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதுவதே முறை.

நீளமும் இடிக்கும். ‘யாழினி’ என்ற பெயரில் மூன்று எழுத்தென்று நாம் எண்ணினாலும் கணினிக்கு ஆறு குறிகள், 18 பைட்டு, 20க்குள் நுழைந்துவிடும். ‘தமிழ்ச்செல்வன்’ 14 குறிகள், 42 பைட்டு. அவருக்கு இடம் இல்லை. எல்லையை உயர்த்தினால் கிளையன்டிலும் உயர்த்த வேண்டும். நீளத்தைக் கிளையன்டும் சோதிக்கிறது. பெயரைத் திரையில் வரைவது அதற்கடுத்த வேலை. குறிகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரையும் நிரலில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் போய் உட்காராது. ‘செ’ குலைந்து தெரியும்.

ஓடவிடுதல்

லுவாண்டி சேவையகம் யுடிபி 30000 போர்ட்டில் கேட்கும். ட்ரினிட்டிகோரின் 3.3.5 கிளையில் இரு நிரல்கள் ஓட வேண்டும்: கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது 3724இல், உலகத்தை நடத்துவது 8085இல். அதற்கு முன் கணக்குகள், பாத்திரங்கள், உலகம் என்று மூன்று தரவுத்தளங்களை மைஎஸ்கியூஎல்லில் அமைக்க வேண்டும். நிலப்படத் தரவுகளை, ஆடுபவர் வைத்திருக்கும் கிளையன்ட் கோப்புகளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அரக்கர்கள் சுவரைச் சுற்றி நடக்கத் தேவையான வழித்தடத் தரவை ஆக்குவது, சேவையகத்தைத் தொகுப்பதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். பக்கத்து அறைக் கணினி இணைய வேண்டுமென்றால் தரவுத்தளத்தில் சேவையகத்தின் முகவரியை வீட்டு வலையமைப்பின் முகவரிக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பட்டியலில் சேவையகம் தெரியும், நுழைய முடியாது. கேட்கப்படும் உதவிகளில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். விண்டோஸ் பயர்வோலில் அனுமதி கொடுப்பதும் இதே நேரத்து வேலை.

வீட்டிலேயே சேவையகம் வைத்திருப்பதால் கிடைக்கும் முதல் பயன் வேகம். புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் தென் நுழைவாயிலில் உள்ள எலுவன்குளத்தை எடுத்துக்கொள்வோம். சேவையகம் சிங்கப்பூரில் இருக்கிறது என்றால், அங்கிருந்து அது நேர்க்கோட்டில் 2,700 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் போவதால், போய்வர 27 மில்லிவிநாடிக்குக் குறையவே முடியாது. கேபிள் வளைந்து செல்வதையும், இடைநிலையங்களையும், கைபேசிக் கோபுரத்தின் தாமதத்தையும் கூட்டினால் அது பல மடங்காகும். ஒரே ரூட்டரில் இணைந்த நான்கு மடிக்கணினிகளுக்கிடையில் அது ஓரிரு மில்லிவிநாடி. இணையம் முற்றாக அறுந்தாலும் ஆட்டம் நிற்காது.

வெளியூர் நண்பர்களை அழைப்பதுதான் கடினம். கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதால், ரூட்டரில் போர்ட்டைத் திறந்தும் பயனிருக்காது. அப்படிப்பட்டவர் தனியார் சுரங்க வலையமைப்பு (விபிஎன்) ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வாடகைச் சேவையகத்துக்குப் போக வேண்டும். வாடகைச் சேவையகம் என்றால் லினக்ஸ்தான் மலிவு. அதோடு விண்டோஸில் பட்ட பாடு முடிகிறது. விண்டோஸை விடாமலே லினக்ஸ் முறையில் தொகுக்க, 2016 முதல் மைக்ரோசொப்டே தரும் டபிள்யூஎஸ்எல் உண்டு. நேரடி விண்டோஸ் இயங்குகோப்பு தேவையில்லாதவருக்கு இப்போது அதுவே குறுக்குவழி.

சட்டம்

உரிமையாளர் திறக்காத விளையாட்டுக்கு வெளியார் எழுதிய சேவையகம் பலமுறை நீதிமன்றம் ஏறியிருக்கிறது. பிலிசார்டின் பெட்டில்.நெட் சேவைக்கு மாற்றாக எழுதப்பட்ட பிநெட்டிக்கு எதிரான வழக்கில், அமெரிக்காவின் எட்டாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005 செப்டம்பரில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கிளையன்டை நிறுவும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளும், பூட்டுடைப்புக்கு எதிரான சட்டமும் காரணங்களாயின. 2010இல், காசு வாங்கித் தனியார் வோர்கிராஃப்ட் சேவையகம் நடத்திய ஸ்கேப்கேமிங் தளத்துக்கு எதிராக 8.8 கோடி டொலருக்கு மேல் தீர்ப்பானது. காசே வாங்காமல் வோர்கிராஃப்டின் பழைய வடிவத்தை நடத்திய நொஸ்டல்ரியஸ் சேவையகமும் 2016 ஏப்ரலில் வழக்கறிஞர் கடிதம் கண்டு மூடியது. ஆனால் அது காட்டிய கூட்டத்தைப் பார்த்த பிறகு, 2019 ஓகஸ்டில் பிலிசார்டே பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்று திரும்பக் கொண்டுவந்தது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பதிப்புரிமை பெற்ற ஆக்கங்களாகவே காக்கிறது.

சேவையகத்தின் மூலநிரலுக்கும் உரிமம் உண்டு. குனூ பொது உரிமத்தில் உள்ளதைத் திருத்தித் தன் கணினியில் ஓடவிடுபவர் எதையும் வெளியிட வேண்டியதில்லை. பிறர் வந்து ஆடினாலும் அது பிரதி கொடுத்ததாகாது. 2007இல் வந்த குனூ அஃபெரோ உரிமம் இந்த இடுக்கை அடைத்தது: வலையமைப்பின் வழி பயன்படுத்துபவருக்கும் மூலநிரலைக் கேட்கும் உரிமை உண்டு. லுவாண்டி இருப்பது தளர்ந்த எல்ஜிபிஎல் உரிமத்தில். பெயரில் தமிழெழுத்தை ஏற்கும்படி சேவையகத்தை மட்டும் திருத்தியவருக்கு அதில் கடமை ஏதும் எழாது. பெயரின் நீளத்தை உயர்த்தி, திருத்திய கிளையன்டையும் நண்பர்களுக்குக் கொடுப்பவர், அந்த ஒரு வரி மாற்றத்தையும் சேர்த்து முழு மூலநிரலையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.